நின்ற சக்கரம்

சிக்கந்தர் பாய் கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் வண்டி இந்நேரம் கைமாறிப் போயிருக்கும். வழியில் யாரோ டீ சாப்பிடக் கூப்பிட்டார்களாம், தட்ட முடியவில்லையாம். அவர் வாசலில் செருப்பைக் கழற்றும்போது நாலரை தாண்டிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை நாலரை ஆறு ராகு காலம், அது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தெய்வசிகாமணி காலண்டரைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், பாயைப் பார்த்தார். "ஆறு அடிக்கட்டும் பாய். ராகு காலத்துல வண்டியைக் கைமாத்தினா குடுத்தவனுக்கும் ஆகாது, வாங்கினவனுக்கும் ஆகாது" என்றார். "எனக்கு அதெல்லாம் கிடையாதுங்க. நீங்க பாக்குறீங்க, நான் என்னத்தச் சொல்ல" என்று பாய் உட்கார்ந்துவிட்டார். ஆக, கூடத்தில் நாலு பேர்: விற்கிற தெய்வசிகாமணி, வாங்க வந்த பாய், தெய்வசிகாமணியின் தங்கை புனிதா, அவள் கணவன் கருணாகரன். உள்ளறைக் கட்டிலில் தெய்வசிகாமணியின் மனைவி அமிர்தவல்லி. அந்த ஸ்கூட்டர் அவளுடையது. அவள் பெயரில் இருக்கிறது, அவள் சம்பாதித்து வாங்கியது, அவளை யாரும் கூடத்துக்குக் கூப்பிடவில்லை. கையெழுத்துப் போடும்போது கூப்பிட்டால் போதும் என்று விட்டிருக்கிறார்கள். எதையும் தொடங்கவும் கூடாத, எதையும் முடிக்கவும் கூடாத நேரம் இது. படுத்துக் கிடப்பதற்கு மட்டும் ராகு காலம் பார்க்க வேண்டியதில்லை, கிடக்கலாம், தாராளமாகக் கிடக்கலாம்.

கூடத்தில் அந்த வீடியோ, அவள் வண்டியோடு விழுந்த வீடியோ, மறுபடியும் ஓடுகிறது. எழுந்து போய்ப் பார்க்க வேண்டியதில்லை, சத்தமே போதும். செருப்புக் கடைக்காரர் தன் கடை கேமராவின் திரையைச் செல்போனால் படம் பிடித்து அனுப்பியபோது அவர் குரலும் சேர்ந்து பதிவாகிவிட்டது. "வருது பாருங்க... வருது பாருங்க... ஐயையோ." இவ்வளவுதான். இந்த ஒரு வாரமாக இட்லிக்கு மாவு கரைக்கும்போது வருது பாருங்க, குளிக்கும்போது வருது பாருங்க, கண்ணை மூடினால் ஐயையோ. உறையூரில் அவளுக்குத் தெரிந்தவர்கள் போனில் எல்லாம் அது இருக்கிறது. தெரியாதவர்கள் போனிலும் இருக்கும். கருணாகரன் அதோடு விட்டானா? விழுவதற்கு முந்தின இடத்தை மட்டும் வெட்டி, மெதுவாக ஓடவிட்டு, சக்கரத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம் வேறு போட்டு வைத்திருக்கிறான். "இங்க பாருங்க பாய். வண்டி போகுது, ரெண்டு சக்கரமும் சுத்தல. தெரியுதா?" "ஆமாங்க, அப்படியே நிக்குது." "அக்கா பயத்துல பிரேக்கை மொத்தமா அமுக்கிட்டாங்க. சக்கரம் பூட்டிக்கிச்சு. அப்புறம் விழாம என்ன செய்யும்? வண்டி மேல ஒரு குத்தமும் கிடையாது பாய், தங்கமான வண்டி." பின்னே, விற்கிற இடத்தில் அப்படித்தானே சொல்ல வேண்டும். வண்டி தங்கம். ஓட்டினவள்தான் தகரம். அமிர்தவல்லி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். தோல் வழன்ற இடது முழங்கை தலையணையில் பட்டது, சுருக்கென்றது, மறுபடி மல்லாந்தாள். தலைக்கு மேல் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது.

நான் பிரேக் போடல. வாய்விட்டுச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் இப்போது வாயை மூடிக்கொண்டு சொல்கிறாள். நான் பிரேக் போடல. அன்றைக்குப் புனிதாவைக் கண் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். புத்தூர் நாலு ரோட்டைத் தாண்டியாகிவிட்டது. வெயில் நன்றாக ஏறின காலை. புனிதா பின்னால் ஒருபக்கமாக உட்கார்ந்து தன் மாமியார் கதையைச் சொல்லிக்கொண்டு வந்தாள், காற்றில் பாதிதான் காதில் விழுந்தது, விழுந்த பாதிக்கு இவள் ஊம் கொட்டினாள். நாய் வந்தது. வந்ததா? வந்தது. செம்மண் நிறம், ஒரு காது மடிந்தது. கடைப் படியிலிருந்து இறங்கி அது பாட்டுக்குக் குறுக்கே நடந்தது. எட்டத்தில்தான் நடந்தது. அது போய்விடும், நாம் அதன் வாலுக்குப் பின்னால் போய்விடலாம் என்று பார்த்தாள். ரோட்டோரம் வீடு கட்டுகிறவர்கள் ஜல்லி கொட்டி, அது நடுரோடு வரைக்கும் சிதறிக் கிடந்தது. ஜல்லியில் பிரேக் போடுவார்களா யாராவது? அதனால்தான் போடவில்லை, போடக்கூடாது என்று நினைத்தது நன்றாக ஞாபகம் இருக்கிறது, நினைத்தபோது விரல்கள் கைப்பிடியை இறுக்கியதும் ஞாபகம் இருக்கிறது, கைப்பிடியைத்தான், பிரேக்கை இல்லை. "அண்ணி, நாய்!" என்று புனிதா அலறினாள். அப்புறம் ரோடு. கன்னத்துக்குப் பக்கத்தில் ரோடு. எவளுடையதோ ஒரு ஸ்டிக்கர் பொட்டு, மெரூன் நிறம், தாரில் ஒட்டிக்கொண்டிருந்தது. அலறலுக்கும் பொட்டுக்கும் நடுவில் என்ன? அங்கேதான் இடிக்கிறது. அங்கே ஒன்றுமே இல்லை. புடவையில் எலி கடித்த ஓட்டை மாதிரி அந்த இடம் மட்டும் போயிருக்கிறது. அந்த ஓட்டையைத்தான் கருணாகரன் சிவப்பு வட்டம் போட்டு அடைத்துவிட்டான். சரியாகப் பொருந்துகிறது பாவி. பொருந்துகிறதே என்பதுதான் பயம்.

வண்டி இல்லாவிட்டால் என்ன குடி முழுகிப் போய்விடும் என்று அவர் கேட்டார். தெய்வசிகாமணிக்கு அப்படித்தான் கேட்க வரும். முழுகத்தான் போகும். அவள் வேலையே வீடு வீடாகப் போய் ரத்தம் எடுப்பது. சர்க்கரைக்காரர்கள் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள், தில்லைநகரில் ஒருத்தர், தென்னூரில் ஒருத்தர், பாலக்கரை சந்துக்குள் பக்கவாதத்தில் படுத்த அம்மா ஒருத்தி. பஸ் பிடித்துப் போய் ரத்தம் எடுத்தால் மத்தியானம்தான் அவர்களுக்குக் காப்பி. "வேலையை விட்டுடு. யாரு உன்னை வேலைக்குப் போகச் சொன்னா?" யாரும் சொல்லவில்லை. அதுதான் அதில் உள்ள ருசி. நாற்பது வயதுக்கு மேல் பள்ளிக்கூட மைதானத்தில், பிள்ளைகள் கிரிக்கெட் ஆடுகிற இடத்தில், விழுந்து எழுந்து அவளாக ஓட்டப் பழகினாள். அவர் ஒரு நாள் பின்னால் ஏறி உட்கார்ந்ததில்லை. "பொம்பளை ஓட்ட, நான் பின்னால உக்காரவா? நாலு பேர் சிரிப்பான்." ஆட்டோவுக்குக் கொடுத்தாலும் கொடுப்பாரே தவிர ஏறமாட்டார். போகட்டும். அவர் ஏறாததால் வண்டி ஒன்றும் நிற்கவில்லை. விடியற்காலை காவேரிப் பாலத்தில் ஆள் நடமாட்டம் இல்லாதபோது ஆக்சிலேட்டரை ஒரு முறுக்கு முறுக்குவாள் பாருங்கள், புடவைத் தலைப்பு படபடவென்று அடிக்கும், ஆற்றுக் காற்று மூக்கில் ஏறும், அந்த நேரத்தில் அவள் யாருடைய பெண்டாட்டியும் இல்லை, யாருடைய அண்ணியும் இல்லை. அதையெல்லாம் வாய்விட்டுச் சொல்ல முடியுமா? சொன்னால் இந்த வயதில் உனக்கென்னடி காற்று வாங்கல் என்பார்கள். லேபில் வேறு, ஒரு வாரம் ரெஸ்ட் எடுங்கம்மா என்று இனிக்க இனிக்கச் சொல்லிவிட்டு தில்லைநகர் வீடுகளைப் புதுப் பையன் ஒருத்தனுக்குக் கொடுத்துவிட்டார்கள். அவன் வெளிச்சத்துக்கு நேரே கையைத் திருப்பித் திருப்பி நரம்பைக் கண்ணால் தேடுகிறானாம். தில்லைநகர்க்காரர் போன் பண்ணி அழாத குறையாகச் சொன்னார். கண்ணுக்குப் பச்சையாகத் தெரிகிற நரம்பு பாதி நேரம் ஏமாற்றும். விரலை வைத்து அழுத்தினால் உள்ளே பொதுக்கென்று ஒன்று எழும்பிக் கொடுக்கும், அதுதான் நரம்பு. அமிர்தவல்லி முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு விரலாலேயே பார்ப்பாள். இத்தனை வருஷத்தில் அந்த விரல் பொய் சொன்னதில்லை. அந்த விரல்தான் சொல்கிறது பிரேக்கைத் தொடவில்லை என்று. விரலை நம்புவதா, வீடியோவை நம்புவதா?

வீடியோவைத்தான் நம்பினாள். அதை நினைத்தால்தான் அவளுக்கு அவள் மேலேயே ஆத்திரம் வருகிறது. விழுந்த மறுநாள் கருணாகரன் போனை மூக்குக்கு நேரே நீட்டினான், பார்த்தாள், வண்டி போகிறது, அவள் புடவை பறக்கிறது, சக்கரத்தின் அஞ்சு கைகளும் வரைந்து வைத்த நட்சத்திரம் மாதிரி அசையாமல் நிற்கின்றன. "சரி, வித்துடுங்க" என்று அவள் வாயாலேயே சொன்னாள். ஏன் சொன்னாள்? அம்மாவை நினைத்துத்தான் சொன்னாள். அம்மாவுக்கு ஆரம்பித்தபோது அறுபதுகூட ஆகவில்லை. பால் பொங்கி வழிந்து பாத்திரம் கரிக்கட்டை ஆகியிருக்கும், தெருவே தீய்ந்த வாடை அடிக்கும், அம்மா நடுக்கூடத்தில் நின்றுகொண்டு "நான் அடுப்பை அணைச்சேன். என் கையால அணைச்சேன். குமிழைத் திருப்பினது என் விரலுக்குத் தெரியாதா?" என்று அடித்துச் சொல்வாள். முதலில் எல்லோரும் சிரித்தார்கள். அமிர்தவல்லியும் சிரித்தாள். அப்புறம் யாரும் சிரிக்கவில்லை. கடைசியில் பெற்ற மகளைப் பார்த்து, நீங்க யாரு, ஆஸ்பத்திரியிலேர்ந்து வர்றீங்களா என்று கேட்டாள். அடித்துச் சொல்கிற குரல் எப்படி இருக்கும் என்று இவளுக்குத் தெரியும். நான் பிரேக் போடல, என் விரலுக்குத் தெரியாதா என்று இவள் கூடத்தில் நின்று சொன்னபோது அதே குரல், அச்சு அசல் அதே குரல், தன் தொண்டையிலிருந்து வந்ததைக் கேட்டாள். வண்டி போனால் போகிறது சனியன். புத்தி போகிறதா? இப்படித்தான் ஆரம்பிக்குமா? ஒரு நாய், ஒரு பிரேக், நடுவில் ஒரு ஓட்டை? இன்றைக்குப் பிரேக் போட்டது மறந்தால், நாளைக்கு ஒரு கையில் ஊசி ஏற்றினது மறந்து இன்னொரு கையையும் கேட்பாளா? இதை யாரிடம் கேட்பது? அவரிடம் கேட்டால் ஜோசியரிடம் போவார். புனிதாவிடம் கேட்டால் உச்சுக் கொட்டுவாள், அன்றைக்கு ஒடிந்த கையின் மாவுக்கட்டைத் தடவிக்கொண்டே உச்சுக் கொட்டுவாள். ஒரு வாரமாக அந்த மாவுக்கட்டைப் பார்க்கும்போதெல்லாம் அமிர்தவல்லிக்கு வாய் எழவில்லை. அடிபட்டவள் அவள். அடிபட்டவள் எதிரில் நியாயம் பேசுவதற்கும் ஒரு முகம் வேண்டும்.

போன் அடித்தது. சௌந்தர்யா. ஓசூரில் வேலை பார்க்கிற மகள், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வீடியோவில் கூப்பிடுவாள், அவளுக்கு ராகு காலம் கிடையாது. அமிர்தவல்லி எழுந்து தலையணையில் சாய்ந்துகொண்டு போனை மடியில் வைத்தாள். அம்மாக்கள் எல்லோரும் வீடியோவில் அப்படித்தானே, முகவாய் பாதி, உத்தரம் மீதி. "என்னம்மா, பாய் வந்தாச்சா? வண்டி போயிருச்சா?" "ராகு காலம். ஆறு மணிக்குத்தான்." "சரி விடு, மனசைப் போட்டு உழப்பிக்காத. ஏம்மா, ஃபேனைக்கூடப் போடாம படுத்திருக்க? வேர்க்கலையா?" "ஃபேன் ஓடுதுடி." "எங்க ஓடுது? உன் தலைக்கு மேலதான் தெரியுதே, மூணு இறக்கையும் சும்மா நிக்குது." ஓடுகிறது என்கிறாள் இவள். நிற்கிறது என்கிறாள் அவள். பெற்ற மகள், படித்தவள், அம்மாவிடம் எதற்குப் பொய் சொல்லப் போகிறாள்? நிமிர்ந்து பார்த்தால் தெரிந்துவிடும். நிமிரத்தான் தைரியம் வரவில்லை. நிமிர்ந்து, அது நின்றுகொண்டிருந்தால்? இத்தனை நேரமும் ஓடாத ஃபேனை ஓடுகிறது என்று நினைத்துக்கொண்டு படுத்திருந்தால்? "அம்மா? என்னம்மா பேயறைஞ்ச மாதிரி இருக்க?" அப்போது நெற்றியில் ஒரு மயிர் விழுந்து கூசியது. கையால் ஒதுக்கினாள், மறுபடி வந்து விழுந்தது. கழுத்து வேர்வையில் சில்லென்று படுகிறது. மடியில் கிடக்கிற முந்தானை ஓரம் தூக்கித் தூக்கி அடங்குகிறது. காற்று. காற்று வருகிறதே. நிற்கிற ஃபேனிலிருந்து எங்கேயடி காற்று வரும்? நிமிர்ந்தாள். ஓடியது. இறக்கையே தெரியாமல் வட்டமாக ஓடிக்கொண்டிருந்தது. குனிந்து போனைப் பார்த்தாள். மூலையில் சின்னக் கட்டத்துக்குள் அவள் முகவாய், அதற்கு மேல் ஃபேன், மூன்று இறக்கையும் தனித்தனியாக, ஆணி அடித்த மாதிரி நின்றன. மேலே பார்த்தாள், ஓடியது. கீழே பார்த்தாள், நின்றது.

"சௌந்து, இதென்னடி இது?" குரல் அவளுக்கே அடையாளம் தெரியவில்லை. "எதும்மா? ஓ, அதுவா. ஓடுதாக்கும்? அப்ப கேமராவுலதான் அப்படித் தெரியுது. வேகமா சுத்துறது சில சமயம் நிக்கிற மாதிரி இருக்கும், சில சமயம் பின்னால சுத்துற மாதிரிகூட இருக்கும்." "ஏன்?" "கேமரா என்ன நம்ம மாதிரி பாத்துக்கிட்டே இருக்குதா? கண்ணை மூடி மூடித் தொறக்குற மாதிரி விட்டு விட்டுத்தான் படம் எடுக்கும். அது ஒவ்வொரு தடவை தொறக்கும்போதும் முன்னாடி இருந்த இடத்துலயே இன்னொரு இறக்கை சரியா வந்து நின்னா, நகரவே இல்லைன்னு நெனச்சுக்கும். எல்லா இறக்கையும் ஒண்ணு மாதிரிதானே இருக்கு, அதுக்கு எப்படித் தெரியும்?" அமிர்தவல்லி போனோடு எழுந்து ரெகுலேட்டரை ஒரு புள்ளி குறைத்தாள். கட்டத்துக்குள் இறக்கைகள் அசைந்து, சோம்பேறித்தனமாகப் பின்னோக்கி நடக்க ஆரம்பித்தன. காற்று மட்டும் முன்போலவே முகத்தில் அடித்தது. அவளுக்குச் சிரிப்பு வந்தது, சிரிப்புக்குப் பின்னாலேயே வேறொன்றும் வந்தது. "இது உனக்கு முன்னாடியே தெரியுமா?" "தெரியும்மா, எல்லாருக்கும் தெரிஞ்சதுதான்." "தெரிஞ்சுமா அந்தச் சக்கரத்தைப் பாத்துட்டு, இனிமே ஜாக்கிரதையா ஓட்டும்மான்னு எனக்கு மெசேஜ் போட்ட?" ஓசூரில் எங்கேயோ குக்கர் விசில் அடித்தது. "அம்மா" என்றாள் சௌந்தர்யா மெதுவாக, "எனக்குத் தோணவே இல்லம்மா." தோணாது. ஃபேன் என்றால் கேமரா பொய் சொல்லும், அம்மா என்றால் அம்மாதான் பொய் சொல்வாள். அமிர்தவல்லி போனை வைத்தாள்.

கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். ஒரு வாரமாக மார்பில் ஏறி உட்கார்ந்திருந்தது இறங்கியிருந்தது, இறங்கின இடத்தில் கோபம் வந்து உட்கார்ந்தது, நல்ல கோபம், சூடான கோபம். எனக்குப் புத்தி போகல. எனக்கொண்ணும் ஆகல. குமிழைத் திருப்பினேன் என்று சொன்ன அம்மாவுக்கு ஒரு தடவையாவது நிஜமாகவே அடுப்பு அணைந்திருக்குமோ, யாரும் போய்த் தொட்டுப் பார்க்கவில்லையோ என்றுகூட ஓடியது மனசு, அதை நினைத்துக் கண் கலங்கியது, துடைத்துக்கொண்டாள். சரி, பிரேக் இல்லை. அப்படியானால் ஏன் விழுந்தோம்? மறுபடி அந்த ஓட்டை. ஆனால் இப்போது சிவப்பு வட்டம் அதில் இல்லை, காலியாக, சுத்தமாக இருந்தது. அண்ணி, நாய். அப்புறம்? தன்னையறியாமல் கை வலது தோளுக்குப் போயிற்று. ஒரு வாரமாக அங்கே வலி இருக்கிறது, விழுந்ததில் பட்டது என்று விட்டிருந்தாள். ரவிக்கையை விலக்கிக் கண்ணாடியில் பார்த்தாள். நீலம் போய் மஞ்சளாகிக்கொண்டிருந்தன, ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாகப் புள்ளிகள். ரத்தம் கட்டினது அவளுக்கா தெரியாது? தரையில் விழுந்தால் பரவலாகக் கட்டும். இது விரல் பதிந்த கட்டு. அதோடு, அவள் விழுந்தது இடது பக்கம். இடது முழங்கை, இடது முட்டி, இடது கன்னம். இடது பக்கம் விழுந்தவளுக்கு வலது தோளில் யார் வந்து அடித்தது? கண்ணாடிக்கு முன்னால் நின்றபடி அமிர்தவல்லி கூடத்தின் பக்கம் திரும்பினாள். புனிதா ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள், நாத்தனார் குரல், பாவம், பயந்தாங்கொள்ளி, சின்ன வயதிலிருந்தே நாயென்றால் நடுங்குகிறவள். வேண்டுமென்றா செய்தாள்? இல்லை. தெரிந்தும் சொல்லாமல் இருக்கிறாளா? அதுவும் இல்லையென்றுதான் தோன்றியது. அவளுக்கும் அந்த இடத்தில் ஓட்டைதான் இருக்கும். அவள் ஓட்டையையும் அதே வட்டம் போட்டுத்தான் அடைத்திருப்பார்கள்.

"ஆறாகட்டும்னு சொன்னேனே, அதுக்குள்ள ஏன் எழுந்து வர்ற?" என்றார் தெய்வசிகாமணி. அமிர்தவல்லி அவரைத் தாண்டிப் போனாள். டிவி மேலிருந்த சாவியை எடுத்தாள். சிக்கந்தர் பாய் மரியாதைக்கு எழுந்து நின்றார். "தம்பி" என்றாள் கருணாகரனிடம், "போனை எடுத்துக்கிட்டு வாங்க." வாசலில் வண்டி நின்றது, இடது பக்கம் பூராவும் உராய்ந்து, கண்ணாடி ஒன்று உடைந்து. வாங்கின அன்றைக்குக்கூட அதன் மேல் இவ்வளவு ஆசை வரவில்லை. சென்டர் ஸ்டாண்டில் ஏற்றினாள். அடிபட்ட கை முனகியது, முனகட்டும். பின் சக்கரம் தரையைத் தொடாமல் நின்றது. ஸ்டார்ட் பண்ணினாள். "என்ன பண்றே நீ?" "வீடியோ எடுங்க தம்பி. அன்னைக்குச் சிவப்பு வட்டம் போட்டீங்கள்ல, அந்தச் சக்கரத்தை எடுங்க." ஆக்சிலேட்டரை முறுக்கினாள். சக்கரம் சுற்றியது, அதன் கைகள் கலந்து மறைந்தன, வேகம் ஏறியது, வண்டி அதிர்ந்தது. போனைக் குனிந்து பார்த்த கருணாகரனின் முகம் மாறியது. புனிதா எட்டிப் பார்த்தாள், பாய் எட்டிப் பார்த்தார். திரையில் அஞ்சு கைகளும் ஒவ்வொன்றாகத் தெளிந்து, வேகம் குறைந்து, வந்து நின்றுவிட்டன. எஞ்சின் அலறிக்கொண்டிருந்தது. "தம்பி, சக்கரம் சுத்துதா நிக்குதா?" "இதுல... நிக்குது அக்கா." "நிக்குதுல்ல? அப்ப விரலை உள்ள விடுங்க." அவன் நிமிர்ந்தான். "என்னக்கா?" "நின்ன சக்கரம்தானே. ஒரு வாரமா ஊர் பூரா காட்டினீங்களே, நிக்குது நிக்குதுன்னு. விரலை விட்டுப் பாருங்க. என்னங்க, நீங்க வாங்க, நீங்க விடுங்க." தெய்வசிகாமணி ஒரு அடி பின்னால் போனார். "இல்லன்னா நானே விடுறேன்" என்று அவள் இடது கையைச் சக்கரத்துப் பக்கம் கொண்டுபோனாள். விடமாட்டாள், அவள் கை அவளுக்குச் சோறு போடுகிற கை. ஆனால் அது அவர்களுக்குத் தெரியாதே.

"அண்ணி!" என்று அலறினாள் புனிதா. அலறி, நல்ல கையால் பின்னாலிருந்து வந்து பிடித்தாள். வலது தோளில். இறுக்கிப் பிடித்து, விரல்கள் பதிய, தன் பக்கமாக ஒரே இழுப்பு. வலி சுள்ளென்று ஏறியது, புள்ளிக்குப் புள்ளி, இம்மியும் பிசகாமல் அதே இடம். அமிர்தவல்லியின் வலது கை ஆக்சிலேட்டரோடு பின்னால் போனது, ஹேண்டில் சரேலென்று வலது பக்கம் திரும்பியது. ஓட்டை அடைந்துவிட்டது. அலறல், தோள், ஹேண்டில், ஜல்லி, பொட்டு. எல்லாம் வரிசையாக, ஒன்று விடாமல். பிடியை விட்டாள், எஞ்சின் அடங்கியது. புனிதாவின் கை இன்னும் தோளில்தான் இருந்தது. அவள் அந்தக் கையைப் பார்த்தாள், திரும்பியிருந்த ஹேண்டிலைப் பார்த்தாள், அப்புறம் அண்ணியைப் பார்த்தாள். முகம் வெளுத்துப் போயிற்று. சூடு பட்டவள் போலக் கையை எடுத்துக்கொண்டாள். "அண்ணி, அன்னைக்கு..." என்றாள். அமிர்தவல்லி அந்தக் கையைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்தினாள். "உனக்கு நாயைக் கண்டா பயம், அவ்வளவுதான். போய் உக்காரு" என்றாள். கருணாகரன் போனை அணைத்துப் பைக்குள் போட்டுவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பாய்தான் முதலில் வாயைத் திறந்தார். "அப்ப, நான் கிளம்பட்டுங்களா?"

ஸ்டாண்டிலிருந்து வண்டியைத் தள்ளி இறக்கினாள். முந்தானையை இழுத்துச் செருகினாள். ஏறி உட்கார்ந்தாள். தெரு முனையில் நாயொன்று படுத்திருந்தது. "அமிர்தம்! எங்க கிளம்பிட்டே? ராகு காலம் இன்னும் முடியல" என்று தெய்வசிகாமணி படியிலிருந்து கத்தினார். அவள் வண்டியை ஸ்டார்ட் பண்ணிவிட்டுத் திரும்பிப் பார்த்தாள்.

"ராகு காலத்துல விக்கத்தானே கூடாதுன்னீங்க" என்றாள். "நான் விக்கலையே."